காவல் நாயின் மனப்போக்கும் அதனைப் பழக்கும் விதமும்

தோட்டங்களிலும் ஆட்டுக்கிடைகளிலும் காவலுக்காக நாய் வளர்க்கும் வழக்கம் குடியானவர்களிடையே தொன்றுதொட்டு உண்டு. கோம்பை, சிப்பிப்பாறை, இராஜபாளையம் முதலிய நல்ல ஜாதிகள் தென் ஜில்லாக்களிலேயே இருக்கின்றன. ஆயினும், நல்ல குட்டியை விலை கொடுத்து வாங்கியும், அது வளர்ந்தபின் கூப்பிட்டால் வராமலும், வீட்டுக் கோழியையே கொன்றும், வழிப்போக்கரைக் கடித்தும் விடுவதால் நஷ்டமும் பொல்லாப்பும் அடைவோர் பலர். இதில் பெரும்பாலும் குற்றம் நாயினுடையதன்று.

காலையில் நாய் ஒரு கோழியைக் கொன்றுவிடுகிறது. உச்சிப்பொழுதில் வயலிலிருந்து திரும்பிய எஜமானர் செய்தியைக் கேட்டுத் தடியை எடுத்துக்கொண்டு நாயை அழைக்கிறார். அது வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. வந்ததும் நாலு அடி விழுகிறது. கோழிக்காக அடித்ததாக அவர் எண்ணுகிறார். நாய் அறிந்துகொண்டதோ, கூப்பிட்டபோது வந்தால் அடி விழும் என்பதே. ஒரு செயலும் அதன் பலனும் சில விநாடிகளுக்குள் அடுத்தடுத்து நேர்ந்தாலன்றி, நாய் அவ்விரண்டையும் இணைத்து அறிவதில்லை. பின்னொரு நாள் அதே நாய் கிடையை விட்டு நரியின் பின்னே ஓடும்பொழுது, எவ்வளவு கூவினாலும் திரும்புவதில்லை.

'அது தலை குனிந்து, காதை மடக்கித் தன் பிழையை ஒப்புக்கொள்கிறதே' என்பர் சிலர். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் 14 நாய்களைக் கொண்டு இதனைச் சோதித்து 2009-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாதென்று விலக்கிய பண்டத்தைத் தொடாத நாய்களும், எஜமானர் கடிந்துகொண்டபோது அதே முகத்தைக் காட்டின. ஆகவே அது குற்ற உணர்ச்சியன்று. எஜமானரின் கோபத்தைக் கண்ட அச்சமே.

குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையுள்ள காலமே மிக முக்கியமானது. இப்பருவத்தில் பழகியவற்றையே அது தன்னைச் சேர்ந்தவையாகக் கொள்ளும். மனிதர் கை படாமல் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் பின்னர் காட்டு விலங்குகளைப்போல் மனிதரை அஞ்சி ஓடின என்பது 1961-ஆம் ஆண்டில் வெளியான சோதனை ஒன்றில் தெளிவாயிற்று. கிடைக்கு வேண்டிய குட்டியை ஆடுகளோடும், வீட்டுக்கு வேண்டியதைக் குழந்தைகள், கோழிகள், வண்டி மாடுகள் ஆகியவற்றோடும் அப்பொழுதே பழக்குதல் வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் தவணைப்படி தொடர்ந்து போட்டுவர வேண்டும்.

உண்ணும்போது இலையிலிருந்து ஒரு நாள் கவளம் எறிந்து, மறுநாள் விரட்டும் வீடுகள் அநேகம். என்றோ ஒரு நாள் கிடைக்குமென்ற ஆசையே நாயை விடாமல் காத்திருக்கச் செய்கிறது. கொடுப்பதில்லையென்றால் வீட்டார் அனைவரும் கொடாதிருக்க வேண்டும். பாட்டிமார் இதற்கு இணங்குவதுதான் கடினம்.

அடிபட்டுக் கெட்டுப்போன நாயைப் பழைய கூப்பாட்டால் அழைப்பதில் பயனில்லை. சீழ்க்கை போன்ற புதிய ஒலி ஒன்றைக் கொள்ள வேண்டும். நாயை நீண்ட கயிற்றில் கட்டி, சீழ்க்கையடித்து, அது வந்த கணமே ஒரு கருவாட்டுத் துண்டைக் கொடுக்க வேண்டும். தினம் பத்துத் தடவை போதும். வந்த நாயை எக்காரணத்தாலும் அடிக்கலாகாது. இப்பழக்கம் உறுதிப்படும் வரையில் கோழிகளைக் கூண்டில் அடைத்துவைப்பதே செலவு குறைந்த வழி.