வெள்ளெழுத்தும் படிக்கட்டும்

நாற்பதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடிப்பதை நம் இல்லங்களில் நாள்தோறும் காண்கிறோம். ஆலயத்தில் வாசகம் வாசிக்க வருபவரும் நூலின்மேல் குனியாமல் சற்றே பின்சாய்கிறார். வெள்ளெழுத்து எனப்படும் இது நோயன்று. கண்ணினுள் இருக்கும் வில்லை வயதோடு நெகிழ்ச்சி குன்றுவதால் விளைவது. இதற்குக் கண்ணாடி அணிவது பழைய வழக்கம். 1306-ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் மறையுரை ஆற்றிய சாமிநாதர் சபைத் துறவி ஜியோர்தானோ, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என வியந்துரைத்தார்.

மருத்துவர் தரும் சீட்டில் பெரும்பாலும் பவர் மட்டுமே இருக்கும். எவ்வகை வில்லை என்பதைக் கடையில் நின்றபடி பத்து நிமிடத்தில் முடிவு செய்து விடுகிறோம். அங்கேதான் நிதானம் வேண்டும்.

படிக்க மட்டும் உதவும் கண்ணாடி ஒரு வகை. மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி படிப்புக்குமான பைஃபோகல் மற்றொன்று. பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் எழுதிய மடலிலேயே இத்தகைய இரட்டைக் கண்ணாடியைக் குறிப்பிட்டிருக்கிறார். கோடு தெரியாமல் மேலிருந்து கீழாகப் பவர் மாறிச் செல்லும் புரோகிரஸிவ் வில்லை 1959-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. இதில் ஓரங்கள் மங்கலாகத் தோன்றும். விழியை மட்டும் உருட்டாமல் தலையையும் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும்.

எங்கள் உறவினரான முதியவர் ஒருவர் புதிய பைஃபோகல் அணிந்த வாரத்திலேயே மாடிப்படியில் கால் தவறினார். கைப்பிடிச் சுவர் காத்தது. குறை பவரில் இல்லை. கீழ்ப்பாதி ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் தொலைவுக்கானது. படியோ காலடியில், அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தொலைவில் உள்ளது. ஆகவே கீழே நோக்கும்போது படியின் விளிம்பு கலங்கித் தெரிகிறது. புரோகிரஸிவிலும் இவ்விடர் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனை ஆராய்ந்தது. பல பவர் கண்ணாடி அணிந்த முதியோருக்கு, வெளியே செல்கையில் அணிய, தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தரப்பட்டது. அடிக்கடி வெளியே நடமாடுவோர் விழுவது குறைந்தது. ஆனால் அரிதாக வெளியே செல்வோர் வெளியிடங்களில் விழுவது கூடிற்று. எனவே நாள்தோறும் நடந்து செல்லும் பெரியவருக்குத் தனித்தனியே இரண்டு கண்ணாடிகள் நலம் என்பது நம் கருத்து. வீட்டோடு இருப்பவருக்குப் பழகியதை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பைஃபோகலே போதும் எனில், படியிறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி மேற்பாதி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

தையல் வேலை செய்வோரும் கணிப்பொறி முன் அமர்வோரும் தங்கள் கண்ணுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை அளந்து சென்று சொல்லலாம். பலர் இதைச் செய்வதில்லை.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது விலையைவிட உறுதியை நோக்குங்கள். பழைய கண்ணாடி வில்லை கனமானது, உடைந்தால் சிதறும். பிளாஸ்டிக் வில்லையின் எடை ஏறத்தாழ அதில் பாதி. பந்து பட்டாலும் எளிதில் உடையாதது பாலிகார்பனேட். ஆயினும் அது விரைவில் கீறல் விழும் இயல்பினது. கீறல் தாங்கும் பூச்சு உள்ளதா எனக் கேட்டே வாங்க வேண்டும். அதன்பின் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தையும் விடச் செய்ய வேண்டும். முதலில் தண்ணீரில் அலசி, பின்னரே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கட்டும்.