தொலைபேசி எண்ணுக்கு ஓர் இணைய முகவரி: இ-நம் சோதனைகள்

தொலைபேசி எண்ணைக் களப்பெயராக (டொமைன் பெயராக) மாற்றி, அந்த எண்ணுக்கு உரியவரை இணைய வழியாகவே அடையச் செய்யும் முறைக்கு இ-நம் என்று பெயர். சேர்த்து எழுதினால் தமிழில் 'ஈனம்' என்றாகிப் பொருள் கெட்டுவிடும். அதனால் இங்கே இடைக்கோடு இட்டு எழுதியிருக்கிறேன்.

இதன் தேவை எங்கே வந்தது? இணையம் வழியாகப் பேசும் வசதி இருவரிடமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மற்றவரின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினால் அழைப்பு பழையபடி தொலைபேசி நிலையம் வழியாகத்தான் போகும், கட்டணமும் ஏறும். 'இந்த எண்ணுக்கு உரியவரின் இணைய முகவரி இது' என்று சொல்ல ஒரு பொதுப் பட்டியல் இல்லாததே காரணம். உலகம் முழுவதற்கும் அப்படி ஒரு பட்டியலைப் புதிதாக யார் கட்டுவது, யார் செலவு செய்வது?

கட்டவே வேண்டாம், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதுதான் இ-நம் முறையின் மூலக் கருத்து. பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த களப்பெயர் முறை (டிஎன்எஸ்) பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும். அது ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு கிளையையும் அதற்கு உரியவர் தம் சர்வரில் வைத்துக் காக்கிறார். இதிலேயே தொலைபேசி எண்களையும் சேர்க்கலாம் என்று ஸ்வீடனைச் சேர்ந்த பேட்ரிக் ஃபால்ட்ஸ்ட்ரோம் எழுதிய ஆவணம், ஆர்எஃப்சி 2916 என்ற எண்ணுடன் 2000 செப்டம்பரில் வெளிவந்தது. அது 2004-இலும் 2011-இலும் திருத்தி எழுதப்பட்டது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அதை அஞ்சல் உறையை வைத்து விளக்கலாம். எங்கள் பகுதிக்குக் கடிதம் எழுதுபவர் கதவு எண், தெரு, அபிராமபுரம், சென்னை என்று சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறார். அதே உறையில் 600018 என்ற பின்கோடு நேர்மாறாக ஓடுகிறது. 6 என்பது தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம், 600 என்றால் சென்னை, கடைசி மூன்று இலக்கம் அஞ்சல் நிலையம். களப்பெயர் முகவரியைப் போன்றது. தொலைபேசி எண் பின்கோட்டைப் போன்றது. ஆகவே எண்ணைத் திருப்பிப் போட வேண்டும்.

+91 44 1234 5678 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். (சென்னையில் 1-இல் தொடங்கும் வீட்டு எண் கிடையாது; யாரும் அழைத்துப் பார்த்து யாரையும் எழுப்பிவிட முடியாது.) கூட்டல் குறியையும் இடைவெளியையும் நீக்கி, கடைசியிலிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் புள்ளி வைத்து எழுதி, முடிவில் 'இ164.ஆர்ப்பா' என்று சேர்த்தால் கிடைப்பது:

8.7.6.5.4.3.2.1.4.4.1.9.இ164.ஆர்ப்பா

இதை வலமிருந்து படித்துப் பாருங்கள். 9, 1 என்றதும் இந்தியா. 4, 4 என்றதும் சென்னை. இ164 என்பது உலகத் தொலைபேசி எண்களின் அமைப்பை வகுக்கும் தரத்தின் பெயர். அதன்படி ஓர் எண் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது. எண்ணைத் திருப்பிப் போடும் உத்தியும் புதிதல்ல. ஐபி எண்ணை வைத்துக் கணினியின் பெயரைக் கண்டறிய அதே ஆர்ப்பா கிளையில் இது முன்பே நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பெயரைச் சர்வரிடம் கேட்டால் 'நேப்டர்' என்ற வகைப் பதிவுகள் விடையாக வரும். எந்த வழியை முதலில் முயல வேண்டும், அது இணையப் பேச்சா மின்னஞ்சலா, முகவரி என்ன என்பவை அதில் இருக்கும். முதலில் இணைய அழைப்பு, எடுக்காவிட்டால் மின்னஞ்சல் என்று உரியவரே வரிசை வைத்துக்கொள்ளலாம்.

இருக்கும் சர்வரும் மென்பொருளும் போதும் என்பதால் பல நாடுகள் துணிந்து சோதித்தன. அந்தந்த நாட்டின் களப்பெயர்ப் பதிவகங்களே முன்னின்றன. ஜெர்மனியில் டெனிக் 2002-இல் சோதனையைத் தொடங்கி 2006-இல் முழுச் சேவையாக்கியது. ஆஸ்திரியா அதற்கும் முன்பே, 2004 டிசம்பரில் வணிகச் சேவைக்கு வந்துவிட்டது. ஆசியாவில் சிங்கப்பூர், ஜப்பான், சீனா, கொரியா, தைவான் பதிவகங்கள் 2004-இல் ஒரு கூட்டுக் குழு அமைத்தன. மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். சொந்தக் களப்பெயர் ஒன்று இருந்தால் 'இ164.ஆர்ப்பா' இருக்கும் இடத்தில் அதை வைத்து, கற்பனை எண்களுக்குப் பதிவு எழுதலாம். ஆஸ்டரிஸ்க் என்ற திறமூலத் தொலைபேசி மென்பொருளில் இ-நம் தேடல் வசதி உண்டு.

தொழில்நுட்பம் எங்கேயும் பெரிதாகத் தடுமாறவில்லை. தடுமாறியது உரிமைக் கேள்வியில். இ164.ஆர்ப்பா கிளையைப் பராமரிப்பது ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப் என்சிசி. ஒரு நாட்டின் கிளையை யாராவது கேட்டால், ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாக அந்நாட்டு அரசின் ஒப்புதல் பெற வேண்டும். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் நாட்டுக்குள்ளே, இந்த எண் இன்னாருடையது என்று யார் சான்று தருவது? நம் நாட்டில் கைவிடப்பட்ட கைப்பேசி எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். பழையவரின் பதிவு அப்படியே இருந்தால், புதியவருக்கு வரவேண்டிய அழைப்பு பழையவருக்குப் போகும். எண்ணின் உரிமை முடிந்த அன்றே பதிவும் நீங்க வேண்டும். அதற்குத் தொலைபேசி நிறுவனம் ஒத்துழைக்க வேண்டும். தன் அழைப்பு வருமானத்தைக் குறைக்கும் பட்டியலுக்கு அது ஏன் ஓடி வந்து உதவப் போகிறது?

இன்னொரு கவலையும் உண்டு. களப்பெயர் முறையில் யாரும் எதையும் கேட்கலாம். எண்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் மின்னஞ்சல் முகவரிகளை மூட்டையாக அள்ளிவிடலாம். கடன் வேண்டுமா என்று நாள்தோறும் அழைப்பவர்களைப் பார்க்கும்போது இந்த அச்சம் மிகையாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் பொதுமக்கள் பதிவு செய்துகொள்ளும் இ-நம் சேவை நடைமுறைக்கு வரவில்லை. 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டபோதும், கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசி எண்ணை அழைக்க இடம் தரப்படவில்லை. ஆனால் இதன் நெருங்கிய உறவு ஒன்று நம்மிடம் வந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25-இல் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20-இல் சென்னை உள்பட நாடு முழுவதும் தொடங்கியது. அன்றிலிருந்து எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது. அழைப்பு புறப்படும்போதே, அந்த எண் இப்போது எங்கே இருக்கிறது என்று தரவுத்தளத்தில் பார்த்தாக வேண்டும். எண் என்பது இடமல்ல, தேடுவதற்கான பெயர் என்ற இ-நம் கருத்தே இதிலும் இருக்கிறது.

இ-நம் மறைந்துவிடவும் இல்லை. 4ஜி வலையில் குரல் அழைப்பு இணைய முறையில் செல்லும் வோல்ட்டி அமைப்பில், எண்ணை இணைய முகவரியாக்கும் வேலைக்குத் தரம் வகுத்தவர்கள் இதையே வைத்திருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இந்தியாவில் வோல்ட்டி அழைப்பு பரவலானது. ஆனால் இந்தப் பட்டியல் நிறுவனங்களின் மூடிய வலைக்குள் இருக்கிறது. நீங்களோ நானோ அதில் ஒரு வரி எழுத முடியாது. வாட்ஸ்அப்பும் எண்ணைக் கொண்டுதான் ஆளைக் கண்டுபிடிக்கிறது, தன் சொந்தப் பட்டியலிலிருந்து. நம் எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம் என்று 2000-இல் வைத்த ஏற்பாடு மட்டும் சோதனைக்கூடத்திலேயே நின்றுவிட்டது.