கட்டாய அம்மைப்பாலும் இங்கிலாந்தின் ஏழைகளும்

அம்மைப்பால் குத்துவதை எதிர்த்தவர் யாவரும் அறிவிலிகள் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அதன் பிறந்தகமாகிய இங்கிலாந்தின் வரலாற்றை நோக்கின் இவ்வெண்ணம் முற்றுஞ் சரியன்று என்பது விளங்கும்.

எட்வேட் ஜென்னர் என்னும் வைத்தியர் 1796 ஆம் ஆண்டிலே, மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவனொருவன் கையில் ஏற்றிப் பெரியம்மைக்கு அரண் கண்டார். பிறந்து மூன்று மாதத்துள் ஒவ்வொரு குழந்தைக்கும் இப்பாலைக் குத்துவித்தல் வேண்டுமென 1853 இல் பாராளுமன்றம் சட்டஞ் செய்தது.

இலவசமாகக் குத்தும் பொறுப்பு வறியோர் நிவாரணத்தை நடத்திய சபைகளிடம் விடப்பட்டது. வசதியுடையோர் தம் வைத்தியரை வீட்டுக்கு அழைத்தனர். தொழிலாளியின் மனைவியோ குழந்தையைச் சுமந்துகொண்டு நிலையத்துக்குச் சென்றாள். எட்டாம் நாள் மீண்டுஞ் சென்றாள். அன்று அக்குழந்தையின் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மற்றொரு குழந்தையின் கையிற் குத்துவர். பிறர் பிள்ளையின் நோயும் உடன்வருமோ என அவள் அஞ்சினாள். அவ்வச்சம் வீணன்று; மேகநோய் இவ்வழியால் தொற்றியதும் உண்டு.

1867 ஆம் ஆண்டுச் சட்டம், மறுப்போரை மீண்டும் மீண்டும் தண்டிக்க இடமளித்தது. இருபது சிலிங் தண்டம் செல்வருக்கு ஒரு பொருட்டன்று. கூலியாளுக்கோ அது ஏறத்தாழ ஒரு வார ஊதியம். கட்டத் தவறியோரின் தளபாடங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. சிலர் மறியலுக்குஞ் சென்றனர். மருந்து நல்லதே, ஆயின் அதனைப் புகட்டிய முறை கொடிது என்பதே எமது கருத்து.

1885 மார்ச்சில் லெஸ்ரர் நகரிலே பெரும் ஊர்வலம் நடந்தது. ஜென்னரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டனர். அந்நகரம் வேறொரு வழியையுங் கைக்கொண்டது: நோயாளரை உடனே அறிவித்தல், தனிமைப்படுத்தல், அவரோடு பழகியோரைக் கண்காணித்தல். அங்கும் நோயாளரைப் பேணிய தாதியருக்கு அம்மைப்பால் குத்தப்பட்டதென்பதை எதிர்ப்பாளர் அதிகம் பேசுவதில்லை! பிற்காலத்தில் பெரியம்மையை உலகினின்றும் ஒழிப்பதற்கு இவ்விரு வழிகளுமே இணைந்து பயன்பட்டன. 1980 இல் அவ்வெற்றி முறைப்படி அறிவிக்கப்பட்டது.

1889 இல் நியமிக்கப்பட்ட றோயல் கமிஷன் ஏழாண்டுகள் ஆராய்ந்தது. அம்மைப்பால் காக்கும் என்று உறுதிகூறிய அக்குழு, திரும்பத்திரும்பத் தண்டிப்பதைக் கைவிடுமாறும் பரிந்துரைத்தது. 1898 ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. கைக்குக் கை மாற்றுவதைத் தடுத்துக் கன்றிலிருந்தெடுத்த பாலைப் புகுத்தியது. மனச்சாட்சியால் மறுப்போருக்கு விலக்கும் அளித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விலக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஆயினும் நீதவான்கள் சிலர் பெற்றோரைக் குறுக்கு விசாரணை செய்து அலைக்கழித்தனர். 1907 முதல் சத்தியக் கூற்றொன்றே போதுமென்றாயிற்று. 1916 இல் போருக்குச் செல்ல மறுத்தோரைக் குறிக்கவும் 'மனச்சாட்சி மறுப்பாளர்' என்ற இப்பெயரே வழங்கிற்று.

கட்டாயம் முற்றாக நீங்கியது 1948 இலேயே.