பருத்திப்பட்டு எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம்!

சென்னையின் மேற்குப் புறநகரான பருத்திப்பட்டுக்கு மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "சென்ட்ரலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. புரோக்கரும் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. "ஆவடி ஸ்டேஷன் பத்து நிமிஷம் சார். அங்க லோக்கல் ஏறினா முக்கால் மணி நேரம்" என்பார். அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமையின் பத்து நிமிஷம் என்பது, குடிவந்தபின் முதல் திங்கட்கிழமை தெரிந்துவிடும்.

இருந்தாலும் கேட்டவர், சொன்னவர் இருவருமே அறிந்தோ அறியாமலோ ஒரு நல்ல அறிவியல் அளவுகோலைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். ஒரு நகரம் எதுவரை நீளும் என்பதைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, அதைக் கடக்கப் பிடிக்கும் நேரம். ஆவடி-பூந்தமல்லி சாலையில் ஒருபக்கம் மாடு மேய, மறுபக்கம் அடுக்குமாடி எழும் பருத்திப்பட்டு, அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஏற்ற இடம்.

ஒரு மணி நேரக் கணக்கு

1970களில் உலக வங்கிக்காகப் பல நாட்டு நகரங்களின் போக்குவரத்தை ஆராய்ந்த யாகோவ் ஜஹாவி என்ற பொறியாளருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. ஏழை ஊரோ பணக்கார ஊரோ, பஸ்ஸோ காரோ, மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியில் பெரிதாக மாறவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம். போக அரை மணி, வர அரை மணி.

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி 1994இல் இதை வரலாற்றின் மீது பொருத்திப் பார்த்தார். மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பான். அரை மணி நேரத்தில் இரண்டரை கிலோமீட்டர். ஊரின் நடுவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 20 சதுர கிலோமீட்டர் வரும். நடந்தே வாழ்ந்த காலத்து மதில்சூழ் நகரங்கள், ரோம் போன்ற பெருநகரம் உட்பட, இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன என்றார் அவர். குதிரை ட்ராம் வந்ததும் வட்டம் பெருத்தது. மின்சார ட்ராம், ரயில், கார் என்று வேகம் கூடக்கூட வட்டமும் விரிந்தது. மாறாமல் நின்றது அந்த ஒரு மணி நேரம் மட்டும்.

இது சராசரிதான், இயற்கை விதி அல்ல. சென்னையிலும் மும்பையிலும் தினமும் மூன்று மணி நேரம் வண்டியில் கழிப்பவர்கள் ஏராளம். ஆனால் பெருங்கூட்டம் எங்கே வீடு தேடும், எங்கே தேடாது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு ஆச்சரியமான அளவுக்குக் கைகொடுக்கிறது.

தெற்கு முந்தியது ஏன்?

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்காகக் கடற்கரையில் இடம் வாங்கியபோது, சென்னை ஒரு நடை நகரம். கோட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே மயிலாப்பூர் நீண்ட காலம் தனி ஊராகவே இருந்தது. 1895இல் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியதும் இந்த ஊர்கள் ஒரே நகரமாக ஒட்டிக்கொள்ள வழி பிறந்தது.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்தது. அதுவரை வெளியூராக இருந்த தாம்பரமும் பல்லாவரமும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. வேலை பட்டணத்தில், வீடு தாம்பரத்தில் என்ற வாழ்க்கை அப்போது பிடித்தது.

மேற்கே கதை வேறு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குச் சென்றது இந்த அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான். தண்டவாளம் முந்திக்கொண்டது. ஆனால் அடிக்கடி நின்று, சட்டென்று வேகமெடுக்கும் மின்சார லோக்கல் ரயில் சென்ட்ரல்-திருவள்ளூர் பாதைக்கு 1979இல்தான் வந்தது. தாம்பரத்தைவிட ஏறக்குறைய அரை நூற்றாண்டு தாமதம். தண்டவாளம் இருந்தால் மட்டும் புறநகர் உருவாகிவிடாது. பத்து நிமிடத்துக்கு ஒன்று, கால் மணிக்கு ஒன்று என்று வண்டி வந்தால்தான், ஒன்றை விட்டாலும் அடுத்ததைப் பிடிக்கலாம் என்று தைரியமாக வீடு கட்டுவார்கள்.

இடைப்பட்ட காலத்தில் மேற்குப் பக்கம் ஆட்களை இழுத்தது பட்டணத்து வேலை அல்ல, உள்ளூர் வேலை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. தொழிற்சாலையைச் சுற்றிக் குடியிருப்பு, அதைச் சுற்றி ஏரியும் வயலும் என்று இந்தப் பகுதி திட்டுத்திட்டாக வளர்ந்தது. ஆவடியைத் தாண்டி உள்ளே இருந்த பருத்திப்பட்டு, எந்த வட்டத்திலும் சேராமல் நெடுநாள் தப்பித்தது அதனால்தான்.

நின்று கொண்டிருக்கும் பத்து நிமிடம்

இப்போது கணக்கைத் தனி ஆளுக்குப் போட்டுப் பார்ப்போம். ஆவடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 22 கிலோமீட்டர். லோக்கலில் முக்கால் மணி நேரம். பருத்திப்பட்டு வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் 3 கிலோமீட்டர் போல. அந்தச் சின்னத் துண்டுதான் பயணத்தின் கனமான பகுதி.

போக்குவரத்துத் திட்டமிடுவோர் எல்லா நிமிடங்களையும் ஒன்றாக மதிப்பதில்லை. நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் செல்லும் இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக வைப்பது அவர்கள் வழக்கம். ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருக்கும் பத்து நிமிடம் மனக்கணக்கில் இருபதாகிவிடுகிறது. எப்போது கிளம்பும் என்று தெரியாவிட்டால் இன்னும் மோசம்.

சுவிட்சர்லாந்தின் பொருளாதார அறிஞர்கள் புருனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டட்ஸரும் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை அலசி, 2008இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தூரம் போய் வேலை பார்ப்பவர், அதற்கு ஈடாகப் பெரிய வீடோ நல்ல சம்பளமோ பெற்றிருப்பார், ஆகவே அவருடைய மனநிறைவு மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். பொருளாதாரப் பாடம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பயணம் நீள நீள மனநிறைவு குறைந்துகொண்டே போனது. கிடைத்த ஈடு போதவில்லை.

ஏன்? புது வீட்டின் கூடுதல் அறை மூன்று மாதத்தில் பழகிவிடும். அதைப் பார்த்துத் தினமும் மகிழ மாட்டோம். சாலை நெரிசலோ இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி. மாறிக்கொண்டே இருப்பது பழகுவதில்லை. வீடு தேர்ந்தெடுக்கும்போது அறையை அதிகமாகவும் பயணத்தைக் குறைவாகவும் எடைபோடுகிறோம்.

குளிர்ச்சியின் பகலும் இரவும்

சரி, நேரத்தைக் கொடுத்து வாங்குவது என்ன? "காத்தோட்டமான இடம்" என்பார்கள். அதில் பாதி உண்மை.

மே மாதத்தில் மெரினாவுக்கு மதியவாக்கிலேயே கடற்காற்று வந்துவிடும். சூடேறிய நிலத்தின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது மெல்ல மேற்கே நகர்ந்து, கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆவடிப் பக்கம் எட்டுவதற்குள் பொழுது சாய ஆரம்பித்திருக்கும். ஆகவே பகல் இரண்டு மணிக்கு பருத்திப்பட்டு, திருவல்லிக்கேணியைவிடச் சூடாகவே இருக்கக்கூடும். அதற்கு ஈடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைக்கும். உள்ளே வரும் கடற்காற்று மேற்கிலிருந்து வரும் சூடான காற்றுடன் மோதி மேலே எழும்பினால், சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். பல நாட்களில் கடலோரத்தில் தூறல்கூட இல்லாதபோது மேற்குப் புறநகர் நனைந்திருப்பதன் காரணம் இதுதான்.

உண்மையான லாபம் இரவில். 1818இல் லண்டனின் தட்பவெப்பம் பற்றி நூல் எழுதிய லூக் ஹோவர்ட், நகரத்து இரவு கிராமத்து இரவைவிடச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் சூடாக இருப்பதை முதன்முதலில் கணக்கெடுத்துக் காட்டினார். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் சேர்த்த வெப்பத்தை இரவெல்லாம் மெல்ல விடுகின்றன. நெருங்கி நிற்கும் சுவர்கள் அது வானத்துக்குப் போகாமல் மறிக்கின்றன. திறந்த நிலம் அந்தி சாய்ந்ததும் வேகமாக ஆறிவிடும்.

பகலில் குளிர்விக்கும் வேலையைச் செய்வது ஏரி. பருத்திப்பட்டு ஏரியின் பரப்பு சுமார் 87 ஏக்கர். 2019இல் கரையைப் பலப்படுத்தி நடைபாதை போட்டுப் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கழிவுநீர் நேராகக் கலப்பதைத் தடுத்து, சுத்திகரித்த நீரை விடும் ஏற்பாடும் அதோடு வந்தது. இந்த ஏரி நிறைந்திருக்கும் ஒரு வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். கட்டை விரல் நகத்தின் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் மொத்தம் 17 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24.5 லட்சம் ஜூல் வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்ளும். பெருக்கினால், ஒரே நாளில் ஏரி உறிஞ்சும் வெப்பம் 12 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒன்றரை டன் ஏசிகள் 28,000ஐ எட்டு மணி நேரம் ஓடவிட்டால் அறைகளிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுமோ, அவ்வளவு. ஏசி அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டும். ஏரியோ நீராவியாக மேலே அனுப்பிவிடும்.

இதற்கும் விலை உண்டு. ஈரப்பதம் கூடும், வியர்வை காய மறுக்கும். இரவில் நீர் மெதுவாகவே ஆறும் என்பதால் கரையோரம் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். பகலுக்கு ஏரி, இரவுக்குத் திறந்த நிலம். இரண்டும் இருந்தால்தான் கணக்கு நிறையும்.

அரை கிரவுண்டில் விழும் மழை

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். சென்னைப் பகுதிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஆக அந்த மனையில் மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் வானத்திலிருந்து விழுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தேவை சுமார் 2 லட்சம் லிட்டர். விழும் மழை முழுவதையும் பிடிக்க முடியாது என்றாலும், தேவையின் பெரும்பகுதி சொந்த மனையிலேயே இறங்குகிறது.

தமிழ்நாடு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஒரு மனைக்கு ஒரு குடும்பம் என்றால் போர்வெல் தாங்கும். அதே மனையில் நாலு மாடி எழுப்பி எட்டுக் குடும்பம் வந்தால், மழை அதே ஒன்றரை லட்சம், தேவையோ 16 லட்சம். மிச்சத்துக்கு நிலத்தடி நீரை இறைக்க வேண்டும், அதுவும் இறங்கினால் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

வேகம் எதை வாங்கித் தரும்?

2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானது, பருத்திப்பட்டு அதற்குள். 2022இல் சென்னைப் பெருநகரத் திட்டமிடல் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுகிறார்கள். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு நீட்டும் திட்டமும் இருக்கிறது.

மெட்ரோ வந்தால் நேரம் மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் குடியிருப்பவர்களுக்குச் சில வருடங்களுக்கு மிச்சமாகவும் செய்யும். ஆனால் ஜஹாவி கண்ட விசித்திரத்தின் மறுபக்கம் இது: வேகம் கூடினால் மனிதர்கள் மிச்சமான நேரத்தை வீட்டில் கழிப்பதில்லை, இன்னும் தள்ளிப் போய் வீடு வாங்குகிறார்கள். வட்டம் பருத்திப்பட்டைத் தாண்டித் திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் அப்பால் நகரும். வட்டத்தின் ஓரத்தில் இருந்த ஊர் நடுவே வந்துவிடும்.

அப்போது பருத்திப்பட்டிடம் மிஞ்சப்போவது நேரம் அல்ல, 87 ஏக்கர் தண்ணீரும் வீடுகளுக்கிடையே விட்டுவைத்த மண்ணும்தான். ஆகவே மனை பார்க்கப் போகிறவர்கள், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. பக்கத்து மனையில் எத்தனை மாடி எழுப்ப அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் கையோடு விசாரித்துக்கொள்வது அதைவிட நல்லது.