அரசியின் மார்பில் பனாமா முத்து

குதிரை மீது அரசி மார்கரிட்டா
டியேகோ வெலாஸ்கெஸும் பிற ஓவியர்களும், 1634–35 வாக்கில்
கித்தானில் எண்ணெய் வண்ணம்

அரசியின் மார்பைப் பாருங்கள். சதுர வைரத்துக்குக் கீழே, பேரிக்காய் வடிவில் தொங்கும் முத்தின் பெயர் 'லா பெரெக்ரினா'. ஸ்பெயின் அரச குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த அணி இது.

இவ்வளவு பெரிய முத்து எந்தக் கடலில் விளைந்தது? அளவே முதல் தடயம். மன்னார் வளைகுடா, பாரசீக வளைகுடா முத்துச்சிப்பிகள் உள்ளங்கையில் அடங்குபவை. அவற்றில் பெருமுத்து கிடைப்பது அரிது. பனாமா வளைகுடாவின் சிப்பி அவற்றைவிட மிகப் பெரியது. இந்த முத்து 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கடலில் மூச்சடக்கி மூழ்கியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அவர்களைக் குறிப்பிடாமல் இந்த முத்தின் வரலாற்றைச் சொல்வது முறையாகாது.

இங்கிலாந்து அரசி மேரி டியூடர் இதை அணிந்தார் என்ற கதை பரவலாக உண்டு. ஆனால் மேரி 1558இல் இறந்துவிட்டார். முத்து ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கருவூலத்தை அடைந்ததோ 1580 வாக்கில்தான்.

பழைய நகையின் பூர்விகத்தை அறிய வடிவம், எடை, கருவூலப் பதிவுகள், இதுபோன்ற உருவப்படங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். எக்ஸ்ரே முத்தின் உள்ளடுக்குகளைக் காட்டி, அது இயற்கையாக விளைந்ததா, வளர்க்கப்பட்டதா என்று சொல்லும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் மன்னராக இருந்த ஜோசப் போனபார்ட் இந்த முத்தை அங்கிருந்து எடுத்துச் சென்றார். 1969இல் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் ஏலத்தில் வாங்கி நடிகை எலிசபெத் டெய்லருக்குப் பரிசளித்தார். முத்தின் இன்றைய எடை 50.56 காரட், அதாவது சுமார் 10 கிராம்.