மேஜைமேல் ஒரு கும்பகர்ணன்

கும்பகர்ணனை எழுப்ப முரசு முழக்கினார்கள், சங்கு ஊதினார்கள், யானைகளை மேலே ஏறி ஓடவும் விட்டார்கள் என்று கதை கேட்டிருக்கிறோம். சென்ற ஜனவரி மாதத்து இரவொன்றில் என் விடுதி அறைக் கணிப்பொறியிடம் நானும் ஏறக்குறைய அதையே செய்தேன். மவுஸை ஆட்டினேன். பத்து விரல்களாலும் விசைகளைத் தட்டினேன். பெட்டியின் தலையில் ஒரு குட்டும் வைத்தேன். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரையில் மட்டும் ஒரே இருள்.

மணி அப்போது 11. மறுநாள் காலை ஆய்வுக் கட்டுரையின் மூன்றாம் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். சாப்பிடப் போகுமுன் எழுதிய 9 பக்கங்களைச் சேமிக்காமலே போயிருந்தேன். தானாகச் சேமிக்கும் ஏற்பாட்டையும் நானே ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். எதற்காக என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. பொறுமை போயிற்று. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நாலைந்து விநாடியில் பெட்டி அடங்கியது. மறுபடி போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. 9 பக்கங்கள் வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை மதுரைக்கார அண்ணன் எழுந்து வந்துவிட்டார். மின்னணுவியலில் ஆராய்ச்சி செய்கிறவர்.

"தம்பி, கேப்ஸ் லாக் விளக்கு எரிஞ்சு அணைஞ்சுதா, பார்த்தியா?"

"அதை யார் அண்ணே பார்த்தார்கள்?"

"அப்படின்னா மெஷின் முழிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம். திரைதான் தூங்கியிருக்கும்."

பக்கங்கள் போன துக்கத்தைவிட இந்தச் சொல் அதிகமாகச் சுட்டது. விடிய விடிய உட்கார்ந்து 9 பக்கங்களை 6 பக்கங்களாக மறுபடி எழுதினேன்.

நிற்க. கணிப்பொறியின் தூக்கம் எப்படிப்பட்டது? இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. அதில் தூக்கத்துக்கும் படிகள் உண்டு. மேஜைக் கணிப்பொறியில் நாம் 'ஸ்லீப்' என்று சொல்வது பெரும்பாலும் எஸ் 3 என்ற படி. (புதிய மடிக்கணிப்பொறிகளில் வேறு விதத் தூக்கமும் உண்டு, இங்கே அது வேண்டாம்.) எஸ் 3 படியில் செயலிக்கும் வட்டுக்கும் மின்சாரம் நின்றுவிடுகிறது, நினைவகத்துக்கு மட்டும் நிற்பதில்லை. நிறுத்தவும் முடியாது. நாம் எழுதியதெல்லாம் அங்கே நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னேற்றமாக இருக்கிறது. அந்த மின்னேற்றமோ ஓட்டைக் குடத்து நீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். பொதுவான கணக்கில் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். ப்ளக் செருகியிருக்கும்வரை பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தைத் தனியே அனுப்பிக்கொண்டிருப்பது இதற்காகவும்தான். ஆகவே இது ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் அறிதுயிலைச் சேர்ந்ததே அன்றி, கும்பகர்ணன் தூக்கமே அல்ல. பொத்தானை அழுத்திப் பிடித்தவன் அதை எழுப்பவில்லை, நினைவை அழித்துவிட்டான்.

ஆகவே, திரை இருண்டிருந்தால் முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் பொறி விழித்திருக்கிறது. கோளாறு திரைப் பக்கம். மானிட்டரை அணைத்துப் போடுங்கள். கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். மானிட்டர் வேறு உள்ளீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் படம் காட்டும் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலைக்குப் பழுதில்லை. இதற்கும் படம் வரவில்லையென்றால் இருட்டிலேயே ஒரு காரியம் செய்யலாம். என்டர் தட்டி, கடவுச்சொல்லை அடித்து, மீண்டும் என்டர் தட்டி, சற்றுப் பொறுத்து, கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துங்கள். முன்பே பெயரிட்டுச் சேமித்த கோப்பாக இருந்து, கடைசியாக அதில்தான் எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்றால், கண்ணால் பார்க்காமலே அது சேமிக்கப்பட்டுவிடும். என் அத்தியாயம் அப்படிப்பட்ட கோப்புத்தான்.

இரண்டு நாள் கழித்து, எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, பொறியை வேண்டுமென்றே தூங்க வைத்து எழுப்பினோம். திரை இருள், கேப்ஸ் லாக் விளக்கோ ஜம்மென்று எரிந்தது. மானிட்டரை அணைத்துப் போட்டதும் படம் வந்துவிட்டது! மானிட்டரின் பட்டியலில் 'டீப் ஸ்லீப்' என்றொரு வசதி இருந்தது. அதை நிறுத்தினோம். அதன்பின் தொந்தரவு இல்லை. நேரு பிளேஸில் புதிய பவர் சப்ளைக்கு விலை விசாரித்து வைத்திருந்தேன். அந்தச் செலவும் மிச்சம்.

விளக்கும் எரியாமல், விசிறியும் ஓடாமல், பவர் விளக்கு மட்டும் மினுக்கினால் பொறி இன்னும் தூங்குகிறது என்று கொள்ளலாம். பொத்தானை ஒரு முறை தட்டி எடுங்கள்; பிடிக்க வேண்டாம். அதற்கு எழுந்தால் கீபோர்டுக்கு எழுப்பும் உரிமை இல்லை என்று அர்த்தம். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அந்த அனுமதியைக் கொடுக்கலாம். கீபோர்டை யு.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் பெட்டியின் பின்புறம் செருகினாலே சிலருக்குச் சரியாகிவிடுகிறது.

விசிறி ஓடுகிறது, விளக்கு எரியவில்லை, இரண்டு நிமிஷம் பொறுத்தும் அசைவில்லை என்றால் அது மெய்யாகவே சிக்கிக்கொண்டது. அப்போது பொத்தானைப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அண்மையில் படம் காட்டும் டிரைவரை மாற்றியிருந்தால் பழையதற்குத் திரும்புங்கள். மாற்றாதவர்கள் புதியதைப் போட்டுப் பார்க்கலாம்.

மின்சாரம் அடிக்கடி போகும் விடுதிகளில் இருப்பவர்கள் ஸ்லீப்பை விட்டு ஹைபர்னேட்டைப் பழகிக்கொள்வது நல்லது. நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி வைத்துவிட்டுப் பொறி அணைந்துவிடும். ப்ளக்கையே பிடுங்கினாலும் போகாது. எழச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். நான் அந்த நேரத்தில் மெஸ்ஸிலிருந்து ஒரு கோப்பைத் தேநீர் வாங்கி வந்துவிடுகிறேன்.