பயிர் கெடுதலைக் குறிக்கும் வினைச்சொற்கள்

காவிரிப் பாசனப் பகுதியான மன்னார்குடி வட்டாரத்தில், நெற்பயிருக்கு நேரும் கேட்டைக் குறிக்கப் பல வினைச்சொற்கள் வழங்குகின்றன. 'கெடுதல்' பொதுச்சொல், அது காரணத்தைக் காட்டாது. நீர் குறைந்தால் பயிர் முதலில் 'வாடும்'. அப்போது நீர் பாய்ச்சினால் தேறிவிடும். மேட்டூர் அணை நீர் கடைமடைக்கு வராமல் வறட்சி நீடித்தால் 'கருகும்'. கருகிய பயிர் தேறாது. வடகிழக்குப் பருவமழையில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) வயலில் நீர் தேங்கினால் 'அழுகும்'. முற்றிய பயிர் காற்றிலும் மழையிலும் 'சாயும்'; சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்தால் நெல் 'முளைத்துவிடும்'. விதைப்பில் நற்சொல்லான முளைத்தல், அறுவடையில் இழப்பைக் குறிக்கிறது. கருகியதையும் அழுகியதையும் 'கெட்டது' என்று மட்டும் எழுதினால், வயலுக்கு வேண்டியது தண்ணீரா வடிகாலா என்பதே தெரியாமல் போகும்.